முள்வேலிக்குள் ஒரு கொய்யா மரம்



இன்று லூர்து அன்னை திருநாள். விடியற்காலையில் கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் கோயிலுக்குள் வந்த உங்களில் பலர், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டே வந்தீர்கள். கெபிக்குப் பின்னால் நிற்கிற கொய்யா மரத்து இலை. அந்தப் பக்கம் போனால் ஒன்றைக் கிள்ளாமல் வர யாருக்கும் மனம் வராது. எனக்கும் அப்படித்தான். இன்று நோயாளர்களுக்காகச் சிறப்பாகச் செபிக்கிற நாளும்கூட. 1992-இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் இதை ஏற்படுத்தினார்; மறு ஆண்டிலிருந்து திருஅவை முழுவதும் பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாகக் கடைப்பிடித்து வருகிறோம். நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேச வேண்டிய நாளில், உங்கள் விரல் நுனியிலேயே மருந்து வாசம் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொய்யா இலைக் கஷாயம் வைக்கத் தெரியாத பாட்டி நம் பங்கில் இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இதையே ஹெர்பல் டீ என்று பாக்கெட்டில் வாங்குகிறீர்கள். ஒரு டம்ளருக்கு ஐந்தாறு இலை போதும். கொழுந்தும் வேண்டாம், தடித்து முற்றியதும் வேண்டாம். பூச்சி அரித்ததையும் புள்ளி விழுந்ததையும் விலக்கிவிடுங்கள். பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் வெளிறி, விலா எலும்பு மாதிரி நரம்புகள் புடைத்திருக்கும். தடவினால் மெல்லிய ரோமம் கையில் படும். தூசி ஒட்டுவது அங்கேதான். மேலோட்டமாக நனைத்து எடுத்தால் போகாது, அடிப்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவியதை இரண்டாக, மூன்றாகக் கிழித்து எவர்சில்வர் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ போடுங்கள். இரும்புச் சட்டி ஆகாது. இலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் தண்ணீர் கறுத்துவிடும். இரண்டு டம்ளர் தண்ணீர், சின்னத் தீ, பத்து நிமிடம். தேன் நிறத்துக்கு வந்ததும் இறக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்து வடிகட்டுங்கள். அதிகம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறி நாக்கை இழுக்கும். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் துளி கருப்பட்டி சேர்க்கலாம்.

பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் காய்ந்த இலையைவிடப் பச்சை இலை கூடுதலாக வேண்டும். காயவைத்து எடுத்துவைக்கிறவர்கள் நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். முருங்கை இலைக்கும் இதே பக்குவம்தான், ஆனால் அது மெல்லிய இலை. இத்தனை நேரம் கொதிக்கத் தேவையில்லை.

சகோதரிகளே, சகோதரர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த மரத்தடியில் நின்று மூச்சை எவ்வளவு இழுத்தாலும் இலையின் வாசம் பெரிதாகத் தெரியாது. கசக்கினால்தான், கிழித்தால்தான் அது வெளியே வரும். உள்ளே இத்தனை இருக்கிறது என்று கசங்கும்வரை அந்த இலைக்கே தெரியாதோ என்று எனக்குத் தோன்றும். நம் பங்கில் எத்தனையோ வருடமாகப் படுக்கையில் இருக்கிற கணவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறூட்டுகிற தாய்மார்கள் இருக்கிறீர்கள். புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு, முடி கொட்டி, முக்காடிட்டு இந்தப் பெஞ்சில் வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறீர்கள். ‘நான் கசங்கிப்போனேன் சாமி, இனி நான் யாருக்கு உதவுவேன்?’ என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் பெரிய பதில் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம், கொண்டுவந்ததைவிட அதிகமாக எதையோ வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறேன். அதை இன்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

திருவிவிலியத்தில் இலை முதன்முதலில் மனிதன் கைக்கு எதற்காக வருகிறது? தொடக்கநூல் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தோட்டம் நிறைய மரங்கள். ஆதாமும் ஏவாளும் பாவம் செய்தார்கள், கண் திறந்தது, வெட்கம் வந்தது. உடனே அத்தி இலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டார்கள். கடவுள் கொடுத்த மரத்தின் இலை, அவரிடமிருந்தே ஒளிந்துகொள்ளப் பயன்பட்டது. இப்போது கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள், திருவெளிப்பாடு இருபத்திரண்டாம் அதிகாரம். வாழ்வு தரும் ஆறு ஓடுகிறது, இரு கரையிலும் வாழ்வின் மரம் நிற்கிறது. அதன் இலைகள் மக்களினங்களைக் குணமாக்குவதற்கு என்கிறார் யோவான். அவருக்கு நெடுங்காலம் முன்பே எசேக்கியேலும் இதே காட்சியைக் கண்டார். கோயில் வாசற்படிக்கடியிலிருந்து புறப்படுகிற ஆற்றின் கரையில் மரங்கள். கனி பசிக்கு, இலை மருந்துக்கு. முதல் பக்கத்தில் ஒளிய எடுத்த இலை, கடைசிப் பக்கத்தில் குணமாக்கும் இலை. நடுவில் இருக்கிற அத்தனை பக்கமும் கடவுளின் இரக்கத்தின் கதைதான் என்று நான் நம்புகிறேன்.

அந்த மூன்றாம் அதிகாரத்திலேயே நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒன்று உண்டு. அவர்களைத் தோட்டத்தைவிட்டு அனுப்புமுன் ஆண்டவர் தம் கையால் தோலாடை செய்து அவர்களுக்கு உடுத்துகிறார். காய்ந்தால் நொறுங்கிவிடுகிற இலையோடு அவர்களை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கண்டிக்கிற தகப்பன், பிள்ளை வாசலைத் தாண்டுமுன் போர்வையை எடுத்துக் கொடுப்பதுபோல.

அப்படியானால் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நான் எந்த இலையைத் தைத்து உடுத்தியிருக்கிறேன்? சிலருக்கு அது கோபம், சிலருக்குக் கௌரவம். சிலர் எப்போதும் சிரித்துச் சிரித்தே உள்ளே இருப்பதை மூடிக்கொள்வார்கள். என்னுடைய இலைக்கு நான் வைத்திருந்த பெயர் ‘ஒழுங்கு’. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

குருவான புதிதில் வானம் பார்த்த பூமியில் ஒரு பங்குக்கு என்னை அனுப்பினார்கள். பழநிக்குப் பக்கத்தில் ஆயக்குடி மாதிரி கூடை கூடையாகக் கொய்யா இறங்குகிற ஊர் அல்ல. ஊருக்கே ஒரு கொய்யா மரம். அதுவும் பங்கு இல்லத்து முற்றத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கல்லெறிவார்கள். ஒருநாள் ஒரு கல் கூரையில் விழுந்து ஓடு உடைந்தது. எறிந்தவன் ஏழெட்டு வயதுப் பையன். ஞாயிறு திருப்பலியில் பலிபீடத்துக்கு முன்னால் நின்று, பெயர் சொல்லாமல், ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி, பிள்ளைகளை வளர்க்கத் தெரியவில்லை என்று பேசினேன். அவனுடைய பாட்டி மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த நாள் ஆளைவிட்டுக் கருவேல முள் வெட்டி வந்து மரத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு அடைத்தேன். இதெல்லாம் ஒழுங்குக்காக என்று நம்பினேன். உண்மையில் எனக்குக் கோபம், அவ்வளவுதான்.

ஒரு ஆடி மாதத்து இரவு எனக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சமையல் அம்மா ஊருக்குப் போயிருந்தார்கள். மின்சாரம் இல்லை. நடுச்சாமத்துக்கு மேல் எழுந்திருக்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக்கு எப்படித் தெரிந்ததோ, கதவைத் தட்டினார்கள். அந்தப் பாட்டி. பின்னால் அரிக்கேன் விளக்கோடு அந்தப் பையன். “தோத்திரம் சாமி. இதக் குடிங்க. கொஞ்சம் தொவர்க்கும், மொகத்தச் சுளிக்காமக் குடிங்க” என்று சொம்பை நீட்டினார்கள். குடித்தேன். ஒரு மணி நேரத்துக்கொருமுறை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரையும் கொடுத்துக்கொண்டு விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வயிறு அடங்கியிருந்தது. வெளியே வந்தேன். பையன் படியில் உட்கார்ந்திருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிவப்புச் சிவப்பாகக் கோடு, மேலே மஞ்சள் பூசியிருந்தது.

“என்னடா தம்பி இது?” என்று கேட்டேன்.

“எல பறிச்சேன் சாமி” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் குடித்த கஷாயத்துக்கு, இருட்டில், நான் கட்டிய முள்ளுக்குள் கையைவிட்டு அந்தப் பிள்ளை இலை பறித்திருக்கிறான். அன்று திருப்பலியில் அப்பத்தைப் பிட்கும்போது கை நடுங்கியது. நோவினால் வந்த நடுக்கம் என்று மக்கள் நினைத்தார்கள். மாலையில் வேலியை நானே பிரித்தேன். ஆளை அழைக்கவில்லை. என் கையிலும் கீறியது. பையன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபக்கத்து முள்ளைப் பிடித்து இழுத்தான். அடுத்த ஞாயிறு பாட்டியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு சாமி, ஒடம்பு சரியாச்சா?” என்றார்கள்.

அன்புக்குரியவர்களே, இரக்கம் என்று நாம் செபிக்கிற சொல்லுக்கு எனக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது. குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் படித்தவனுக்கு ஒரு சொம்புக் கஷாயம் சொல்லித் தந்தது. நீங்கள் வேலி கட்டியிருக்கிறீர்களா? அண்ணன் தம்பிக்கு நடுவில், மருமகளுக்கும் உங்களுக்கும் நடுவில்? அந்த வேலியைத் தாண்டி ஒருநாள் உங்களுக்கு மருந்து வர வேண்டியிருக்கும். யாருடைய கை கீறப்படும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முள்ளுக்குள் கையை விடுகிறவர் ஒருவர் நமக்கு முன்பே இருக்கிறார், அவருடைய நெற்றியிலும் அந்தத் தழும்பு உண்டு.

கஷாயத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மூடி. திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மணக்கும், தெருவில் போகிறவர்கூட ‘என்ன கஷாயமா?’ என்பார். டம்ளரில் பார்த்தால் வெறும் துவர்ப்புத் தண்ணீர். மணம் எல்லாம் ஆவியோடு போயிருக்கும். மூடி போட்டு வையுங்கள். இறக்கியதும் மூடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் சிறு சிறு முத்தாகத் துளி கோத்திருக்கும். அதைக் கீழே உதறிவிடாமல் பாத்திரத்துக்குள்ளேயே சாய்த்து விடுங்கள். நல்ல மணம் அதில்தான். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று நம் ஆண்டவர் கேட்டுக்கொண்டதும் இப்படி ஒரு மூடியைத்தான். 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் வந்தது, வீட்டுக்கு வீடு நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தோம். கோயில் கதவு சாத்தியிருந்த அந்த நாள்களில், காய்ச்சலில் கிடந்த வீட்டுத் திண்ணையில் யாரோ ஃபிளாஸ்கை வைத்துவிட்டுப் போனார்கள். யார் வைத்தது என்று அந்த வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். மூடியைத் திறக்க மாட்டேன்.

ஒரு பங்குத்தந்தையாக நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. பச்சையாக இருப்பதெல்லாம் மருந்து இல்லை. அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில், பஞ்ச காலத்தில் கில்காலில் எலிசாவின் சீடர்களில் ஒருவர் கீரை பறிக்கப் போய், என்னவென்றே தெரியாத காட்டுக்கொடியின் காய்களை மடி நிறையக் கொண்டுவந்து பானையில் அரிந்து போட்டார். வாயில் வைத்ததும் பானைக்குள் சாவு இருக்கிறது என்று எல்லோரும் அலறினார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, தெரியாமல் செய்தார். எலிசா பானையில் மாவைப் போட்டு அவர்களைக் காப்பாற்றினார். நம் வீட்டு வாசலில் பூக்கிற அரளியும் பச்சைதான், அதன் இலை உயிரை எடுக்கும். பெயர் தெரியாத இலையை அடுப்பில் ஏற்றாதீர்கள். கைப்பேசியில் யாரோ அனுப்பியதை நம்பி எதையும் குடிக்காதீர்கள்.

கொய்யா இலைத் தேநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில், சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரையைத் தணிக்க உதவும் பானம் என்று 2000-ஆம் ஆண்டே அரசு அதற்கு அனுமதி தந்திருக்கிறது. அதனால்தான் கவனம் வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும், கருவுற்ற தாய்மார்களும், சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் குடிக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை நம்பாதீர்கள். கைக்குழந்தைக்குப் பேதியானால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெரியவர்களுக்கென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறாமல் கலந்து முதலில் அதைக் கொடுங்கள். இப்படிச் செய்வது விசுவாசக் குறைவு இல்லை. நோய் வந்தால் செபி, மருத்துவரையும் மதி, அவரும் கடவுள் ஏற்படுத்தியவரே என்பதுதான் சீராக்கின் ஞானம் முப்பத்தெட்டாம் அதிகாரம் தருகிற அறிவுரை. மண்ணிலிருந்து மருந்தைத் தருபவர் ஆண்டவர், அறிவுள்ளவன் அதை இகழமாட்டான் என்றும் அங்கேயே இருக்கிறது. புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் நோயாளியைக் கிறிஸ்துவாகவே எண்ணிப் பணிவிடை செய்யச் சொன்னார். அவருடைய சபையில் வந்த, பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜெர்மானியப் புனிதை ஹில்டகார்ட், செடிகொடி மரங்களின் மருத்துவ குணங்களை எழுதிவைத்தார். 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருஅவையின் மறைவல்லுநராக அறிவித்தார். நம் பாட்டிமார் எழுதிவைக்கவில்லை, கைப்பக்குவமாகவே நமக்குத் தந்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக நம் அன்னையிடம் வருகிறேன். லூர்து என்றதும் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அங்கே இலையும் உண்டு. 1858 பிப்ரவரி 25. பதினான்கு வயது பெர்னதெத்திடம் அன்னை ஊற்றில் குடிக்கவும் கழுவவும் சொன்னதோடு, அங்கே முளைத்திருந்த செடியின் இலையைத் தின்னவும் சொன்னார். ஊற்று என்று அப்போது அங்கே எதுவும் இல்லை. கையால் தோண்டினாள், சேறுதான் வந்தது. மூன்று முறை அள்ளிக் கொட்டிவிட்டு, நான்காம் முறை குடித்தாள். இலையைத் தின்றாள். முகமெல்லாம் சேறு. கூடியிருந்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் என்று சிரித்தார்கள். எதற்காகச் செய்தாய் என்று கேட்டவர்களிடம், பாவிகளுக்காக என்றாள். அந்தப் பிள்ளை அன்று தின்ற இலை அவளுடைய நோய்க்கு மருந்து இல்லை. ஆஸ்துமா அவளைக் கடைசிவரை விடவில்லை. முப்பத்தைந்து வயதில் இறந்துபோனாள். தான் தோண்டிய ஊற்றில் உலகமே வந்து குளிக்க, அவள் தன் இருமலோடு தூரத்து மடத்தில் இருந்தாள். குணமாகாமல் இருக்கிற என் அன்புப் பிள்ளைகளே, நீங்கள் கைவிடப்பட்டவர்கள் இல்லை என்பதற்கு இந்தப் பெண்ணைவிடப் பெரிய சாட்சியை எனக்குக் காட்டத் தெரியவில்லை.

இன்னும் சில நாளில் சாம்பல் புதன். போன வருடத்துக் குருத்தோலை உங்கள் வீட்டில் இயேசு படத்துக்குப் பின்னால் காய்ந்து செருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், எரித்துச் சாம்பலாக்கி நம் நெற்றிகளில் இடுவோம். இப்போது விசுவாச அறிக்கைக்கு முன், நோயாளர்களுக்கு எண்ணெய் பூசி நோயில்பூசுதல் அருளடையாளத்தை வழங்கப்போகிறேன். நடக்க முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள், நான் உங்களிடம் வருகிறேன்.

திருப்பலி முடிந்து போகும்போது கெபிக்குப் பின்னால் போய் ஐந்தாறு இலை பறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லையென்றாலும், இன்று வர முடியாமல் கிடக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு. அந்த மரத்துக்கு வேலி கிடையாது. கிளை எட்டாதவர்கள் உபதேசியாரிடம் சொல்லுங்கள், வளைத்துப் பிடிப்பார்.